ஜன்னலோரத்து ஸைபீரியா

நீண்ட ரயில் பிரயாணத்தைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் நல்லவை அபூர்வம். ரயில் பிடிக்காதவன் சொல்கிற பேச்சு என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். ஜன்னலோரத்து இடம் கிடைத்துவிட்டால் எதிரே இருப்பவர் தம் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றியே சொன்னாலும் என் காதில் பாதிதான் விழும். பிரயாணம் செய்கிறவனுக்கு அது சுகம். எழுதுகிறவனுக்கு அதிலே ஓர் ஆபத்து இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே இருக்கிறவர்கள் யாரும் அவனைத் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. வயலில் குனிந்து நிற்கிறவள் நிமிர்ந்து, "என்ன பார்க்கிறே?" என்று கேட்பதற்குள் வண்டி அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அவளைப் பற்றி அவன் என்ன எழுதினாலும் எழுதினதுதான். இல்லை என்று சொல்ல அவளுக்கு வழி கிடையாது.

நம் பத்திரிகைகளில் வருகிற யாத்திரைக் கட்டுரைகளையே பாருங்கள். இரண்டு பக்கம் மலையும் மேகமும். அரைப் பக்கம் நல்ல காப்பி கிடைக்காத துக்கம். நடுவில் எங்கேயாவது 'கள்ளங்கபடமற்ற மக்கள்' என்று ஒரு வரி. அவர்களுக்குக் கள்ளம் உண்டா கபடம் உண்டா என்று கட்டுரைக்காரருக்கு எப்படித் தெரிந்தது? வண்டி அங்கே இரண்டு நிமிஷந்தானே நின்றது!

சந்தேகத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு எல்லாவற்றிலும் பெரிய ரயில் பாதையாகவே எடுத்துக்கொள்ளலாம். மாஸ்கோவிலிருந்து விளாடிவாஸ்டாக் வரை 9,289 கிலோமீட்டர். ஏறி உட்கார்ந்தால் இறங்க ஆறு நாளுக்கு மேல் ஆகிறது. இரண்டு ஊருக்கும் கடிகாரத்தில் 7 மணி நேரம் வித்தியாசம். 2018 வரையில் வழி நெடுகிலும் ரயில்வேக் கடிகாரங்கள் மாஸ்கோ நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. விளாடிவாஸ்டாக்கில் ஊர் அடங்கி இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைக்கப் போகிறபோது, ஸ்டேஷன் கடிகாரம் மட்டும் சாயங்காலம் நாலு மணி என்று சாதித்துக்கொண்டிருக்கும். தலைநகரத்தின் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடவேண்டியதில்லை.

1891-ல் இளவரசராக இருந்த நிக்கலாஸ், பிற்பாடு ருஷ்யாவின் கடைசி ஜார், விளாடிவாஸ்டாக்கில் இந்தப் பாதைக்கு அஸ்திவாரக் கல் வைத்தார். மஞ்சூரியா வழியாகக் குறுக்கே போகாமல் முழுக்க ருஷ்ய மண்ணிலேயே ஓடும் பாதை, ஹபரோவ்ஸ்கில் ஆமூர் நதிக்குப் பாலம் முடிந்த 1916-ல்தான் பூர்த்தியாயிற்று. இருபத்தைந்து வருஷம். பட்டாளத்துக்காரர்கள், கூலிக்கு வந்த குடியானவர்கள், சீனர்கள், கொரியர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள், ஸகாலின் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் எல்லோரும் சேர்ந்து போட்ட பாதை அது.

அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? உள்ளதைச் சொன்னால், பர்ச் மரம் இருக்கிறது. வெள்ளைத் தோலும் கறுப்புத் தழும்புமாக நிற்கிற அந்த மரம் முதல் நாள் கண்ணுக்குக் குளிர்ச்சி. இரண்டாம் நாள் பழகிவிடுகிறது. நாலாம் நாள் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் எல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்த யூரல் மலையைப் பார்க்கப் பிரயாணிகள் ஜன்னலை முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பாதை போகிற இடத்தில் அது மலையாகவே இல்லை, மேடு. மாஸ்கோவிலிருந்து 1,777-வது கிலோமீட்டரில் எல்லைக்கு ஒரு கல் தூண் நட்டிருக்கிறார்கள். கண்ணை இமைத்தால் அதுவும் போய்விடும்.

அப்புறம் பைக்கால் ஏரி. சுமார் இருநூறு கிலோமீட்டர் தூரம் வண்டி அதன் கரையை ஒட்டி ஓடுகிறது. இது நிஜமாகவே பெரிய காட்சிதான்; நான் மறுக்கவில்லை. ஆனால் ஸைபீரிய ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் அநேகமாக எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். 1,642 மீட்டர் ஆழம் என்கிற கணக்கை எடுத்துப் போடுகிறார்கள். ஆழத்தை ஜன்னலிலிருந்து பார்க்க முடியாதல்லவா? பார்த்தது போதவில்லை என்று மனசுக்குத் தெரிகிறது. எண்ணைக் கொண்டு நிரப்பிவிடுகிறார்கள். அந்தக் கரையோரப் பாதை 1904-ல் முடிகிற வரையில் ரயில் வண்டிகளையே கப்பலில் ஏற்றி ஏரியைக் கடத்தினார்கள். ஜப்பானோடு யுத்தம் வந்த அந்த வருஷக் குளிர்காலத்தில் உறைந்த பனியின் மேலேயே தண்டவாளம் போட்டுப் பெட்டிகளைக் குதிரை கட்டி இழுத்தார்கள். பனி வெடித்துவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்துபோன சிப்பாய் ஒருவன் எழுதியிருந்தால் பைக்காலைப் பற்றி நமக்கு வேறு விஷயம் தெரிந்திருக்கும். ஆழத்தைப் பற்றி நிச்சயம் அவன் யோசித்திருப்பான்.

இந்தப் பாதைக்கு ஒரு வேடிக்கையான ஆரம்பம் உண்டு. பாதை முடிவதற்கு முன்பே அதன் காட்சி முடிந்துவிட்டது. 1900-ல் பாரிஸில் நடந்த பெரிய பொருட்காட்சியில் நிஜமான ரயில் பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சோபாக்கள், சாப்பாட்டு வண்டி, எல்லாம் அசல். ஜன்னலுக்கு வெளியே மட்டும் கம்பெனி நாடகத்துப் படுதா மாதிரி எழுதிய சீலைகள். ஒன்றன் பின் ஒன்றாகப் பல அடுக்கு. கிட்டே இருக்கிற கல்லும் மணலும் வேகமாக ஓடும்; அடுத்த அடுக்கில் புதர்கள் கொஞ்சம் மெதுவாக; தூரத்து மலைகள் நகர்வதே தெரியாது. மாஸ்கோவில் ஏறின சீமான் முக்கால் மணி நேரத்தில் பீக்கிங்கில் இறங்கினார். இறங்கினதும் சீனர் வேஷத்தில் ஆள் நின்றிருந்தான்.

பாரிஸ்காரர்கள் ஏமாறினார்கள் என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்து வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவுதான். எனக்கு ஆச்சரியமாக இருப்பது வேறு. பிற்காலத்தில் அசல் வண்டியில் அசல் ஸைபீரியாவில் ஒரு வாரம் போய்விட்டு வந்து எழுதினவர்களின் புத்தகங்களைப் படித்தால், பாதிக்கு மேல் அந்தச் சீலையைப் பார்த்தே எழுதியிருக்கலாம் போலிருக்கிறது. ஓடுகிற மரம், நகராத மலை, இறங்குகிற இடத்தில் ஒரு சீனர். எதைப் பார்க்கவேண்டும் என்பதைப் பொருட்காட்சி முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிட்டது.

பிளேஸ் ஸாந்த்ரார் என்கிற கவிஞர் இதைப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். 1913-ல் ஸைபீரிய ரயிலைப் பற்றி அவர் ஒரு நீண்ட கவிதை வெளியிட்டார். இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரே காகிதம். மடித்து வைத்துக்கொள்ள வேண்டியது. ஒரு பக்கத்தில் ஸோனியா தெலோனே என்ற அம்மாள் தீட்டிய வர்ணங்கள் மேலிருந்து கீழே வழிந்துகொண்டு வரும். பதினாறு வயசுப் பையன் ஒருவன் ருஷ்ய-ஜப்பானிய யுத்த காலத்தில் கிழக்கே போகிறான். கூட ழான் என்கிற பாரிஸ் பெண். அவள் ஜன்னலையே பார்ப்பதில்லை. தன் பேட்டையை விட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டு அவனைத் துளைக்கிறாள். எதிரே வருகிற வண்டிகளில் யுத்தத்தில் காயம்பட்டவர்கள் திரும்பி வருகிறார்கள்.

இந்தக் கவிஞர் அந்த வண்டியில் போனாரா என்று ரொம்ப நாள் சர்ச்சை. போனேனா இல்லையா என்பதா முக்கியம், உங்களையெல்லாம் அதில் ஏற்றிவிட்டேனே என்கிற தோரணையில் அவர் பதில் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் கவிதையின் பலம் அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் இல்லை. அந்தப் பெண்ணின் கேள்வியில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் என்று நாம் எழுதுகிற கணக்கு, வீட்டை நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு ஜீவனுக்கு என்னவாகப் படுகிறது என்பதை அவர் ஒரே கேள்வியில் காட்டிவிட்டார். காட்சி அதற்குப் பிறகு தானாக வந்துவிடுகிறது.

அறுபது வருஷம் கழித்து, 1973-ல், பால் தெரூ என்கிற அமெரிக்க நாவலாசிரியர் லண்டனில் ரயிலேறி ஆசியா முழுவதும் சுற்றிவிட்டு ஸைபீரிய ரயிலில் திரும்பினார். 1975-ல் வந்த 'தி கிரேட் ரயில்வே பஜார்' இந்த ரகத்தில் மிகப் பிரசித்தமான புத்தகம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. பெட்டிக்குள் உட்கார்ந்து அடுத்தவன் பேசுவதைக் கேட்டு எழுதுகிற காதில் அவருக்கு நிகரானவர்கள் கொஞ்சம். அவர் காட்சிகளை அதிகம் நம்பவில்லை, ஜனங்களை நம்பினார். அதனால்தான் புத்தகம் பிழைத்திருக்கிறது.

ஆனால் அதில் நாமும் வருகிறோம். டில்லியிலிருந்து சென்னைக்கு கிராண்டு டிரங்க் எக்ஸ்பிரஸில் வருகிறார். பிறகு ராமேசுவரத்துக்குப் போய் இலங்கைக்குக் கடக்கிறார். கிராண்டு டிரங்க் எக்ஸ்பிரஸில் தமிழர்களைப் பார்த்ததும் அவர் கண்ணில் முதலில் படுகிறவற்றில் ஒன்று பல் குச்சி. குச்சியால் நாம் பல் விளக்குகிற வேகத்தை ஒரு பத்தி வர்ணிக்கிறார். மத்தியப் பிரதேசத்து ஸ்டேஷன்களில் அந்தக் குச்சி கட்டுக் கட்டாக விற்கிறது என்பதையும் விடவில்லை. அடுத்தபடியாக, படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு உடுப்பு மாற்றுகிற நம் கூச்சம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பொய் என்று ஒரு வார்த்தையைக் காட்ட முடியாது. வாஸ்தவமாகவே நாம் அப்படித்தான் பல் விளக்கினோம். அப்படித்தான் வேஷ்டி மாற்றினோம்.

சிரித்து முடித்த பிற்பாடுதான் உறுத்தல் ஆரம்பித்தது. அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் யார்? டில்லி செக்ரடேரியட்டில் வேலை பார்த்துவிட்டு லீவில் ஊருக்கு வருகிற குமாஸ்தாக்கள் இருந்திருப்பார்கள். அப்பாவுக்குத் திவசம் செய்யப் போகிறவர், தங்கைக்கு வரன் பார்க்கப் போகிறவர், தந்தி வந்து பதறிக்கொண்டு போகிறவர். இரண்டு இரவு கூடவே இருந்த மனுஷர்கள். மொத்தமாகப் பார்த்தால் குச்சியும் விரிப்பும்தான் தெரியும். ஒவ்வொருவராகப் பார்த்தால்தான் தந்தி தெரியும். தனித்தனி ஆளாகப் பேசவிட்ட இடங்களிலெல்லாம் தெரூவின் புத்தகம் உயிரோடு இருக்கிறது. 'தமிழர்கள்' என்று பன்மையில் துவங்குகிற இடத்தில் பெட்டிக்குள்ளேயே ஒரு ஜன்னலை வைத்துவிடுகிறார்.

அவருடைய ஸைபீரிய அத்தியாயம் இன்னொரு விதத்தில் ரஸமானது. கடைசியில் வருகிறது; நீளமானது; இருட்டானது. பனி, குடி, எரிச்சல், கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு போய்ச் சேராத ஏக்கம். பெரிய தேசம் ஒன்று ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் அதைச் சபித்துக்கொண்டு வருகிறார். ஸைபீரியா அவ்வளவு மோசமா என்று வாசகனுக்குத் தோன்றும். முப்பத்து மூன்று வருஷம் கழித்து 2008-ல் வந்த 'கோஸ்ட் டிரெயின் டு தி ஈஸ்டர்ன் ஸ்டார்' என்கிற புத்தகத்தில் அவரே காரணத்தைச் சொல்லிவிட்டார். அந்தப் பிரயாணத்தின்போது வீட்டில் அவருடைய கல்யாணம் முறிந்துகொண்டிருந்தது. திரும்பிப் போனபோது அவருடைய இடத்தில் வேறொருவர் இருந்தார். முதல் புத்தகத்தில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சொந்த விஷயத்தை எழுதாமல் விட்டதற்காக நான் யாரையும் குற்றம் சொல்லமாட்டேன். அது அவர் பாடு. ஆனால் விமரிசகனுக்கு இதில் ஒரு தடயம் கிடைக்கிறது. எழுதாமல் விட்ட துக்கத்தை அவர் எங்கே கொண்டுபோய்ப் போட்டார்? ஜன்னலுக்கு வெளியே போட்டார். பாவம், பர்ச் மரங்கள் அதைச் சுமந்துகொண்டு நின்றன. ஸைபீரியா என்று நாம் அங்கே படிப்பது பெரும்பாலும் லண்டனில் ஒரு வீடு. காட்சி எதையும் மறுத்துப் பேசாது என்று சொன்னேனே, அதன் விளைவு இது.

தெரூ மேல்தான் குறையா, ரயில் மேலேயே குறையா? இந்தக் கேள்விக்குச் செகாவ் பதில் சொல்கிறார். அவரை நான் இழுத்துக்கொண்டு வரவில்லை. அவர்தான் இந்த வழியில் முன்னாடியே போயிருக்கிறார்.

1890 ஏப்ரலில், முப்பது வயசில், செகாவ் ஸகாலின் தீவுக்குப் புறப்பட்டார். பசிபிக் கரையில் இருந்த சிறைத் தீவு அது. பெயர் வாங்கிய எழுத்தாளர், புஷ்கின் பரிசு பெற்றவர், அடிக்கடி இருமலில் ரத்தம் வருகிறவர். ஏன் போகிறார் என்று நண்பர்களுக்கே புரியவில்லை. ஸைபீரிய ரயில் பாதை அப்போது ஆரம்பிக்கவில்லை. அஸ்திவாரக் கல்லுக்கே இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ட்யூமென் வரையில் ரயிலும் கப்பலும். அதற்கப்புறம் குதிரை வண்டி. சேறு, வெள்ளம், படகு, ஒடிந்த அச்சு என்று வாரக்கணக்கில் போனார். ஒரு நாள் விடியற்காலையில் எதிரே வந்த தபால் வண்டிகளோடு மோதி வண்டி கவிழ்ந்தது.

வழியிலிருந்து ஸைபீரியாவைப் பற்றி ஒன்பது கட்டுரைகள் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். முதல் கட்டுரையே வண்டிக்காரரோடு குளிரைப் பற்றிப் பேசுவதில்தான் தொடங்குகிறது. பிறகு சாலையில் குடும்பம் குடும்பமாகப் போகிற குடியேறிகள். பிறகு விலங்குச் சப்தத்தோடு நடந்துபோகிற கைதிகள். குதிரை வண்டிக்கு ஜன்னல் கிடையாது. கைதிகளைத் தாண்டிப் போக அதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் அவர்களும் இவரைப் பார்த்துவிடுவார்கள். இரவு தங்குகிற வீட்டில் குடியானவன் மனைவி ரொட்டி கொண்டுவந்து வைப்பாள். அந்த ரொட்டியையும் அந்த வீட்டின் சுத்தத்தையும் செகாவ் வாயாரப் புகழ்கிறார். அவர் இயற்கைக் காட்சியை வர்ணிக்காதவரில்லை. கிராஸ்நோயார்ஸ்கில் யெனிஸேய் நதியைக் கண்டு உருகிவிடுகிறார். வால்காவைவிட உசத்தி என்கிறார். ஆனால் அதற்குள் சுமார் ஒரு மாதம் சேற்றில் உருண்டுவிட்டு, நதியைக் கடந்தாக வேண்டுமே என்கிற கவலையோடு கரையில் நிற்கிறார். அந்த உருக்கத்தை நம்பலாம்.

ஸகாலினில் மூன்று மாதம் இருந்தார். விடியற்காலையில் எழுந்து குடிசை குடிசையாகப் போய், அங்கேயே அச்சடித்த சீட்டுகளில் தம் கையாலேயே விவரம் எழுதினார். பெயர், வயசு, மதம், பிறந்த ஊர், எந்த வருஷம் வந்தார், கல்யாணம் ஆயிற்றா, எழுதப் படிக்கத் தெரியுமா. ஏறக்குறைய 10,000 சீட்டு. தம்முடைய புள்ளிவிவரம் துல்லியமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. சீட்டு நிரப்புகிற சாக்கில் ஒவ்வொருவரிடமும் பேசலாமே என்பதுதான் நோக்கம் என்று புத்தகத்தில் ஒளிக்காமல் சொல்லுகிறார். பெயர் கேட்டால் சிலர், 'ஞாபகமில்லாதவன்' என்பதையே பெயராகச் சொன்னார்கள். ஓடிப்போய்ப் பிடிபட்டவர்கள், பழைய பெயர் தெரிந்தால் பழைய குற்றமும் தெரிந்துவிடும். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

'ஸகாலின் தீவு' புத்தகமாக 1895-ல் வந்தது. படிக்கச் சுகமான புத்தகம் அல்ல. கணக்கும் காரியாலய விவரமுமாகப் பல பக்கங்கள் வறண்டு கிடக்கின்றன. செகாவின் கதைகளில் இருக்கிற லாகவம் வேண்டுமென்றே தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அந்த வறட்சியின் நடுவில் ஒரு கைதி வாயைத் திறந்தால் நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது.

இப்படிப்பட்ட மனிதர் திரும்புகிற வழியில் கப்பலில் ஹாங்காங், சிங்கப்பூர் வழியாக இலங்கைக்கு வந்தார். 1890 நவம்பர். கொழும்பில் இறங்கிக் கண்டிக்குப் போனார். எப்படிப் போனார்? ரயிலில்! மாஸ்கோ திரும்பியதும் தம் நண்பர் ஸுவோரினுக்கு எழுதின கடிதத்தில் இலங்கையைச் சொர்க்கம் என்கிறார். அந்தச் சொர்க்கத்தில் நூறு வெர்ஸ்டுக்கு மேல் ரயிலில் போனதையும், தென்னந்தோப்புகளையும் வெண்கல நிறத்துப் பெண்களையும் ஆசை தீரப் பார்த்ததையும் சொல்லுகிறார். ஆகிவிட்டது. ஒரு கீரிப்பிள்ளை ஜோடியையும் வாங்கிக்கொண்டு போனார். ஜோடியில் ஒன்று கீரியே இல்லை, மரநாய் என்று அப்புறம் தெரியவந்தது.

அந்த வருஷத்தில் இலங்கை மலைநாட்டில் பெரிய மாறுதல் நடந்துகொண்டிருந்தது. காப்பி நோய் கண்டு அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டிப் போய் அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் லயங்களில் அடைந்து கிடந்தார்கள். அவர்களிடம் செகாவ் சீட்டு எடுத்துக்கொண்டு போகவில்லையே என்று கேட்பது நியாயமில்லை. பாஷை தெரியாது, சில நாள்தான் தங்கல், உடம்பும் மனசும் களைத்துப் போயிருந்தன. ஆனாலும் கவனியுங்கள். ஸகாலினில் 'ஞாபகமில்லாதவன்' என்ற பெயரைக்கூட விடாமல் குறித்துக்கொண்ட அதே கண், ரயிலில் ஏறியதும் தோப்பையும் தோல் நிறத்தையும் பார்த்துவிட்டு இறங்கிவிட்டது. செகாவுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களை என்ன சொல்ல?

அவர் அதோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அந்த டிசம்பரில் வெளியான 'குஸேவ்' என்கிற சிறுகதையின் அடியில் கொழும்பு, நவம்பர் 12 என்று போட்டிருக்கிறது. கதையில் கொழும்பு இல்லை, சொர்க்கம் இல்லை. தூரக் கிழக்கிலிருந்து ஊர் திரும்புகிற கப்பலில், வியாதிக்காரர்களுக்கு ஒதுக்கின இடத்தில், காசநோயில் செத்துக்கொண்டிருக்கிற ஒரு சாதாரண சிப்பாய். பக்கத்துப் படுக்கையில் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிற ஒரு படித்தவர். இரண்டு பேரும் சாகிறார்கள். சிப்பாயைக் கித்தானில் வைத்துத் தைத்துக் கடலில் போடுகிறார்கள். ஒரு சுறா வந்து கித்தானைக் கிழிக்கிறது. இதற்கு அப்புறம்தான், கடைசியில், வானத்தில் மேகங்களும் வர்ணங்களும் வருகின்றன. அந்தப் பயணத்தில் செகாவ் எழுதின காட்சிகளிலேயே அழகானது இதுதான் என்பது என் அபிப்பிராயம். அதைப் பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை. பார்க்கவேண்டியவன் தண்ணீருக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறான். தம்முடைய கப்பலிலிருந்து பிணங்களைக் கடலில் போட்டதைச் செகாவ் பார்த்திருக்கிறார். அதே கடிதத்தில் அதுவும் இருக்கிறது. ஒரே கடிதம், ஒரே கை. ரயிலில் பார்த்தது கடிதத்தோடு நின்றது. தட்டில் கிடந்த பிணம் கதையாயிற்று.

ஜன்னலே இல்லாமல் அதே தண்டவாளங்களில் போனவர்களும் உண்டு. ஸால்ஜெனிட்ஸின் 'குலாக் தீவுக்கூட்ட'த்தில் கைதி வண்டிகளுக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் சாமான் பெட்டி மாதிரி இருக்கும். சாதாரண வண்டிகளோடு கோத்துவிடுவார்கள். பிளாட்பாரத்தில் மூட்டையும் குழந்தையுமாக ஓடுகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே அறைகளுக்கும் நடைக்கும் நடுவில் கம்பி வலை. சில பேருக்கான அறையில் இருபது முப்பது பேர். உப்பில் ஊறின மீனைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். தண்ணீர் கொடுத்தால் பிறகு ஒவ்வொருவரையும் வெளிக்கு அழைத்துக்கொண்டு போகவேண்டுமே என்று காவலர்களுக்கு அலுப்பு. காட்சி என்பதே கிடையாது. பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருக்கிற மனுஷர்கள் மட்டும்தான். அவர்களைப் பார், அவர்கள் சொல்வதைக் கேள் என்கிறார் ஸால்ஜெனிட்ஸின். ருஷ்ய ரயிலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அந்த அத்தியாயத்துக்குச் சமமாக எனக்கு வேறொன்று அகப்படவில்லை.

இருபது வருஷம் அந்நிய நாட்டில் இருந்துவிட்டு 1994-ல் அவர் தாய்நாடு திரும்பினார். நேரே மாஸ்கோவில் விமானத்தில் போய் இறங்கியிருக்கலாம். மாறாக மகடான் வழியாக விளாடிவாஸ்டாக்குக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் ஊர் ஊராக இறங்கி, கூட்டம் கூட்டமாக வந்த ஜனங்கள் சொன்னதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்து ஜூலையில் மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். டெலிவிஷன்காரர்கள் கூடவே இருந்தார்கள். தீர்க்கதரிசி வேஷம் என்று பலர் கேலி செய்தார்கள். கேலியில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். காமிராவுக்கு முன்னால் தாடி வைத்த கிழவர் ஒருவர் நோட்டை எடுத்தால் நாடகமாகத்தான் தெரியும். ஆனால் ஆறு நாள் தூரத்தை அவர் ஏன் இரண்டு மாதமாக்கினார் என்பது அந்த அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு விளங்காமல் போகாது.

செகாவ் நிரப்பின சீட்டுகளில் ஏழாயிரத்துக்கு மேல் இன்னும் இருக்கின்றன. 2005-ல் ஸகாலினிலேயே அவற்றைப் புத்தகமாகப் போட்டார்கள். அது நமக்கு எட்டாது. 'ஸகாலின் தீவு' இங்கிலீஷில் பல பதிப்பாகக் கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் பிரையன் ரீவ் மொழிபெயர்த்த பதிப்பாகப் பார்த்து வாங்கினால், வழியில் எழுதின அந்த ஒன்பது கட்டுரைகளும் அதிலேயே சேர்ந்திருக்கும். முதலில் அவற்றைப் படித்துவிட்டுத் தீவுக்குப் போகலாம்.